கைக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த விஷயத்தில் என் கோபத்துக்கும் ஒரு வேலை இருந்தது. பஸ் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நான். இருபத்திரண்டு வருடமாக அதே அறை, அதே குளிர். ஏதாவது கேட்க வருகிறவர்கள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். "அப்புறம் வரேன் சார்" என்று சொல்லிவிட்டு மெதுவாகச் சாத்திக்கொண்டு போவார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. என் வேலை தடையில்லாமல் நடக்கும்.

என் மனைவிக்கு அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் வேலை. தொலைந்த பொருள் பிரிவு. ஜனங்கள் பஸ்ஸில் விட்டுவிட்டுப் போகிற குடை, மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு எல்லாம் அங்கே வந்து சேரும். ஒருமுறை முழுசாக ஒரு பல்செட்டு வந்தது. அதற்கும் எண் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, அலமாரியில் வைத்தாள். மூன்றாம் நாள் ஒருவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு வந்து வாங்கிப்போனார். சர்வரில் அவளுக்குப் பெயர் 'பொருள்4'. அந்தப் பிரிவில் நான்காவதாகச் சேர்ந்தவள் என்பதால் நான்தான் அப்படி வைத்தேன்.

பத்து மாதத்துக்கு முன் அவள் மூளையில் ஒரு சின்ன ரத்தக்கட்டு. கை கால் தப்பித்தது. பேச்சும் இரண்டு மாதத்தில் பெரும்பாலும் திரும்பிவிட்டது. பெயர்கள்தான் திரும்பவில்லை. புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால் அது சாயங்காலம் வரை நிற்பதில்லை. தொலைந்த பொருள் பிரிவில் இருக்கிறவளுக்கே சொல் தொலைந்துபோச்சே என்று கேன்டீனில் ஒருவர் நயமாகச் சொன்னார். நான் தட்டை டங்கென்று வைத்தேன். மனிதர் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த மறுநாள் டாக்டர் என்னைக் காட்டி அவளிடம், "இவர் யாருன்னு தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் உடனே.

"பேரு?"

அவள் என்னையே பார்த்தாள். உதடு அசைந்தது. அப்புறம் சிரித்துச் சமாளித்தாள். டாக்டர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வெட்கமாவது ஒன்றாவது! கல்யாணமான நாள் முதல் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள், கோபம் வந்தால் முழுப்பேரும் தெருமுனை வரை கேட்கும். இப்போது "ஏங்க" என்கிறாள். பார்க்கிறவர்கள், நோய் வந்ததில் மரியாதை கூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். அவளிடம் என் பேர் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிக் கொடுத்தால் சொல்வாள். இரண்டு மணி நேரத்தில் போய்விடும். நான்காவது முறைக்குப் பிறகு சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேலைக்குத் திரும்பிப் போகிறேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றபோது வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். "வீட்ல இருந்தா நான் நோயாளி. அங்க போனா நான் கிளார்க்" என்றாள். அலுவலகம் மூன்று மாதம் பார்க்கலாம் என்றது. அவள் பிரிவின் மேற்பார்வையாளர் அம்மா நல்லவர், ஆனால் விதி விதிதான். மூன்று மாத முடிவில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 'பணியாளர் கணினியைத் தானே இயக்குகிறார்: ஆம், இல்லை.' இல்லை என்று வந்தால் மருத்துவக் காரணம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதல் நாள் காலையில் பாஸ்வேர்டு என்ன என்று வீட்டிலேயே கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. ஒரு எழுத்துகூட ஞாபகம் இல்லை என்று அழுதாள். சரி, புதிதாக ஒன்று போட்டுக் கொடுக்கலாம் என்று நானும் கூடவே கீழ்த்தளத்துக்குப் போனேன். அவள் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள், அதை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள், விசைப்பலகையில் கையை வைத்தாள். நான் பேசி முடிப்பதற்குள் கை ஓடியது. பெயர், அடுத்த பெட்டிக்குத் தாவ ஒரு டேப், அப்புறம் ஒரு சின்ன மழை மாதிரி சில தட்டல்கள், எண்டர். திரை திறந்துகொண்டது. யார் பாஸ்வேர்டு அடித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வது என் பழக்கம், அன்றும் திருப்பிக்கொண்டேன். அதனால் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அவளுக்கே ஆச்சரியம்.

"என்ன அடிச்சே?" என்றேன்.

"தெரியல. கைக்குத்தான் தெரியும்" என்றாள்.

அன்று முதல் தினமும் கை அடித்தது. பொருள்களைப் பதிவதும் அப்படித்தான். குடையைக் கையில் எடுத்தால் குடை என்கிற சொல் விரலில் வந்துவிடும். எழுதி வைத்ததைப் பார்த்துப் பார்த்து அடிக்கச் சொன்னால்தான் எழுத்துகள் இடம் மாறிப்போகும். இரண்டு மாதம் இப்படியே நல்லபடியாக ஓடியது.

அப்போதுதான் சர்வர் மாற்றம் வந்தது. பழைய சர்வருக்கு வயதாகிவிட்டதாம். புதியதை நிறுவுவதற்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார், அதனால் நான் அவருக்கு டை என்றே பெயர் வைத்துவிட்டேன்.

"சார், டேட்டாவை எடுத்து அங்க வெச்சிடலாம். யூசருக்கெல்லாம் புது பாஸ்வேர்டு குடுத்துடலாம். திங்கக்கிழமை அவங்களே மாத்திக்கட்டும். குறைஞ்சது பன்னெண்டு எழுத்து, ஒரு நம்பர், ஒரு குறி. சிம்பிள்" என்றார் டை.

சிம்பிளாம். பன்னிரண்டு எழுத்தில் ஒரு புதிய பாஸ்வேர்டை அவள் எந்த ஜென்மத்தில் கற்றுக்கொள்வது? சீட்டில் எழுதி வைத்தால் பார்த்து அடிக்க வராது. சரி, பழையதையே புதிய பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் அடிக்கட்டும் என்று ஒருநாள் வீட்டில் காலிப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துச் சோதித்தேன். கை வரவில்லை. அது தனியாக வராது. பெயரை அடித்து, டேப் தட்டி, அதே ஓட்டத்தில்தான் வரும். "விடுங்க" என்று எழுந்து போய்விட்டாள். மூன்று தரம் தப்பாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். பக்கத்து மேஜையில் மேற்பார்வையாளர், அவர் மேஜையில் படிவம்.

ஒரே ஒரு வழி இருந்தது. அது என் தொழிலில்தான் இருந்தது.

வீடு மாறும்போது சாமான்களை எல்லாம் லாரியில் ஏற்றிவிடலாம். வாசல் காவல்காரரின் நோட்டு மட்டும் அந்தச் சாமான்களோடு சேராது, ஏனென்றால் அது கட்டடத்தினுடையது. சர்வரும் அப்படித்தான். டேட்டாபேஸைப் பேக்கப் எடுத்தால் உள்ளே இருப்பது வரும்; யார் உள்ளே வரலாம் என்கிற லாகின் பட்டியல் வராது. அதைத் தனியாக எடுக்க வேண்டும். சும்மா பெயரை எடுத்தால் போதாது. ஒவ்வொரு பெயருக்கும் சர்வர் உள்ளுக்குள் ஓர் எண் கொடுத்திருக்கும். புதிய இடத்தில் பெயர் அதுவாகவே இருந்து எண் வேறாக இருந்தால், உள்ளே இருக்கிற பயனருக்கும் வாசலில் நிற்கிறவருக்கும் சம்பந்தமில்லை என்று சர்வர் சொல்லிவிடும். அநாதைப் பயனர் என்றே அதற்கு எங்கள் தொழிலில் பெயர்.

பாஸ்வேர்டு? அது சர்வருக்கே தெரியாது. அரைத்து மாவாக்கித்தான் வைத்திருக்கும். ஆள் வந்து அடித்ததும் அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும். மாவிலிருந்து தானியத்தைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது. ஆனால் மாவை அப்படியே புதிய சர்வருக்கு எடுத்துப் போகலாம். அங்கே நீளம் போதுமா, குறி இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கும் தெரியாத, அவளுக்கும் தெரியாத பாஸ்வேர்டை நான் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போகலாம். இதை நினைத்தபோது, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, இந்த வேலைக்கு வந்ததற்காகச் சந்தோஷப்பட்டேன்.

"எல்லா லாகினும் பழையபடியே வரும். ஒருத்தரும் எதையும் மாத்த வேண்டாம்" என்றேன் டையிடம்.

"எதுக்கு சார் தேவையில்லாத வேலை?"

"தேவையா இல்லையான்னு நான் சொல்றேன் தம்பி. நீங்க கேபிளைப் பாருங்க."

நானே ஒரு நிரல் எழுதினேன். பெயர், உள் எண், மாவு, மூன்றையும் எடுத்து ஒரு கோப்பில் வைத்தது. நூற்று அறுபத்துமூன்று பேர். சனிக்கிழமை பகலில் புதிய சர்வரில் அதை ஓடவிட்டேன். முடிந்தது என்று வந்தது. பட்டியலை எண்ணினேன், நூற்று அறுபத்துமூன்று சரியாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளோடு கடைவீதிக்குப் போனேன், கத்தரிக்காய் வாங்கியபோது கடைக்காரரிடம் சண்டைகூடப் போடவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. அவள் கீழே போனாள், நான் மேலே வந்தேன். யார் யார் உள்ளே வருகிறார்கள், யாரைச் சர்வர் திருப்பி அனுப்புகிறது என்று பதிவேடு வரிவரியாக ஓடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் பிரிவு வந்தது. பணிமனை வந்தது. ஒன்பது ஏழுக்கு ஒரு வரி.

'பொருள்4: அனுமதி மறுக்கப்பட்டது. பாஸ்வேர்டு பொருந்தவில்லை.'

நூற்று அறுபத்திரண்டு பேர் எக்கேடு கெட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை, இந்த ஒன்றுக்காகத்தானே அத்தனையும் செய்தேன்? ஒன்பது எட்டுக்கு அதே வரி இன்னொரு தடவை. மூன்றாவது வந்தால் பூட்டு. பூட்டைக்கூட நான் திறந்துவிடுவேன். அவள் கைக்குச் சந்தேகம் வந்துவிட்டால் போன தைரியத்தை எந்தச் சர்வரிலிருந்து எடுத்துப் போடுவேன்? கீழே போன் போட்டேன்.

மேற்பார்வையாளர் எடுத்தார். "சார், நானே கூப்பிடலாம்னு இருந்தேன். அவங்களுக்குப் பாஸ்வேர்டு மறந்துபோச்சு போலிருக்கே?"

"மறக்கல மேடம். தப்பு எங்க பக்கம். அவளைக் கீபோர்டுல கை வைக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"இப்பத்தான் இன்னொரு வாட்டி..." என்றார்.

போனை வைத்துவிட்டு 'பொருள்4' எப்போது உருவானது என்று பார்த்தேன். மற்ற எல்லோருக்கும் சனிக்கிழமை. இவளுக்கு மட்டும் வியாழக்கிழமை, மாலை மூன்று நாற்பது. டை! புதிய திரையை மேற்பார்வையாளருக்குக் காட்டுவதற்காக, பட்டியலில் கண்ணில் பட்ட ஒரு பெயரை எடுத்து, அவராக ஒரு பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறார். சரி, அவரைத் திட்டலாம். ஆனால் என் நிரலைத் திறந்து பார்த்தபோது திட்டு எனக்கே திரும்பியது. 'இந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு' என்று ஒரு வரி இருந்தது. முன்ஜாக்கிரதை என்று நானே எழுதிய வரி. அது வாயே திறக்காமல் அவளை விட்டுவிட்டது. நான் தலையை எண்ணினேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

டை போட்ட பெயரை நீக்கினேன். கோப்பிலிருந்து அவளுடைய பெயர், அவளுடைய எண், அவளுடைய மாவு. போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டிக்கொண்டதா என்று பதிவேட்டைத் திரும்பப் பார்த்தேன். மூன்றாவது வரி இருந்தது. ஆனால் அது 'பொருள்4' என்கிற பெயரில் இல்லை.

பதற்றத்தில் அவள் சுண்டுவிரல் டேப்பைத் தவறவிட்டிருக்கிறது. பெயரும் பாஸ்வேர்டும் ஒட்டிக்கொண்டு ஒரே பெட்டியில் விழுந்திருக்கின்றன. அப்படி ஒரு பயனர் இல்லையே என்று சர்வர் அதை அப்படியே என் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தது.

'பொருள்4சிடுமூஞ்சி1: அப்படி ஒரு பயனர் இல்லை.'

ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தேன். சிடுமூஞ்சி. அப்புறம் ஒன்று.

பதினோரு வருடத்துக்கு முன், பாஸ்வேர்டில் கட்டாயம் ஓர் எண் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தவன் நான். "நம்பர் இல்லாட்டி என்ன குடிமுழுகிப்போகும்?" என்று அவள் கேட்டாள். எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்து, சொன்னதைச் செய் என்று எரிந்து விழுந்தேன். திரும்பி உட்கார்ந்து என்னவோ அடித்தாள். ஆக, அன்றைக்கு அடித்தது இது. சிடுமூஞ்சி நம்பர் ஒன்! பதினோரு வருடமாகத் தினமும் காலையில் என்னைத் திட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்திருக்கிறாள். அவள் மூளையில் ரத்தம் கட்டி ஊர்ப்பட்ட பெயர்களையும் என் பெயரையும் துடைத்துக்கொண்டு போன பிறகும், அவள் விரல்கள் என்னை விடவில்லை. நான் அந்தக் குளிர் அறையில் உட்கார்ந்து அழுதேன். நல்லவேளை, என் கதவை யாரும் அவ்வளவு சுலபமாகத் திறக்க மாட்டார்கள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே போனேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்து, அவை வேறு யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் எழுந்து நின்றார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், குழந்தையின் ஒற்றை ஷூவைக் கையில் பிடித்தபடி, அதன் ஜோடிக்காகக் காத்திருந்தாள்.

"சரியாயிடுச்சு. இப்ப அடி" என்றேன்.

"வேண்டாங்க. கை பயப்படுது."

"தப்பு உன் கைமேல இல்லை. என் தப்பு. நெஜமா."

"நீங்க எனக்காகச் சொல்றீங்க" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? உன் பாஸ்வேர்டு இதுதான் என்று காதில் சொன்னால் சொல்லாகிப்போகும், சொல் அவளிடம் நிற்காது, கை குழம்பும். அந்த நேரம் பார்த்து டை வந்து சேர்ந்தார்.

"என்ன சார் பிரச்சினை? பேசாம ரீசெட் பண்ணிடலாமே. அன்னிக்கே சொன்னேன்..." என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. நடிப்பு இல்லை, சத்தியமாக வந்த கோபம். "ரீசெட்டா? யாரைக் கேட்டுத் தம்பி இவங்க பேர்ல லாகின் போட்டீங்க? பேர் என்ன பொதுச்சொத்தா? கண்ணை மூடிட்டு கையை விட்டு ஒண்ணை எடுப்பீங்களா? அந்த டையை ஒருநாள் கழட்டிட்டு வாங்க, மூளைக்குக் கொஞ்சம் ரத்தம் போகட்டும்!"

அவர் பின்னால் இரண்டடி நகர்ந்தார். ஷூ வைத்திருந்த பெண்ணும் நகர்ந்தாள். எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பினேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழைய சிரிப்பு. பத்து மாதமாக நான் கேட்காத சிரிப்பு.

"ஏங்க, போதும். அவர் பாவம்" என்றாள். சொல்லிக்கொண்டே, என்னைப் பார்த்துக்கொண்டே, கையைத் தூக்கி விசைப்பலகையில் வைத்தாள்.

பெயர். டேப். சின்ன மழை. எண்டர்.

நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்புவதற்குள் திரை திறந்திருந்தது. மேற்பார்வையாளர் அதைப் பார்த்தார், தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். அவள் ஷூவைக் கையில் வாங்கி, "எந்த பஸ்ஸும்மா?" என்று கேட்டுக்கொண்டே அடிக்க ஆரம்பித்தாள். ஜோடி கிடைக்கவில்லை. வந்தால் சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணின் போன் எண்ணைப் பதிந்துகொண்டாள்.

மதியம் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒருவருடைய பாஸ்வேர்டு பதிவேட்டில் தெரிந்துவிட்டால் அன்றே அதை மாற்ற வைக்க வேண்டும் என்பது விதி. அதை எழுதியவனும் நான்தான். அந்தப் பதிவேட்டை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த விதியை நான் மீறினேன், இன்றுவரை மீறிக்கொண்டிருக்கிறேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, என் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"எனக்கும் தெரியல. ஆனா ஒண்ணு. தினமும் அதை அடிக்கும்போது சிரிப்பா வருது. யாரோ ரொம்பப் பிடிச்சவங்களை வம்புக்கு இழுக்கிற மாதிரி. ஏன்னு தெரியல."

எனக்குத் தெரிந்த ஒரே முகத்தை வைத்துக்கொண்டேன்.

"சாப்பாடு ஆறுது. பேசாம சாப்பிடு" என்றேன்.

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள், மறுபடியும் சிரித்தாள், சாப்பிட ஆரம்பித்தாள்.